ரிப்பேருக்கு முன்னால் படி எடுங்கள்!

நண்பர்களே, ஒரு புதிர். ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஹார்ட் டிஸ்க் இல்லை, மவுஸ் இல்லை, விண்டோஸ் இல்லை, லினக்ஸும் இல்லை. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் மஞ்சளாக ஒரு சின்னக் கோடு மினுக் மினுக் என்று அடிக்கும். கீபோர்டில் எவ்வளவு தட்டினாலும் ஒரு எழுத்துகூட வராது. கெட்டுப்போன கம்ப்யூட்டர் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அது நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்!

அதற்குப் பெயர் டெர்மினல். தமிழில் முனையம். போன வருடம் ஆடி மாதம் எங்கள் மாமா ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு காயலாங்கடையில் இதை 350 ரூபாய்க்கு எடைபோட்டு வாங்கி வந்தார். பெயர் ஒட்டியிருந்த இடம் பிய்ந்து போயிருந்தது. கீபோர்டின் அடியில் வெள்ளை பெயின்ட்டில் "ஸ்டோர்ஸ் 2" என்று எழுதியிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்ததே 1998-இல்தான். ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருந்த சிப்புகளில் 1988 என்று அச்சிட்டிருந்தது. அதாவது, நம் ஊர் கம்பெனிகளைவிட இதற்கு வயது அதிகம். "அம்பத்தூர், கிண்டி பக்கத்துலேர்ந்து இடம் மாறி வந்த கம்பெனியோட சாமானா இருக்கும்" என்றார் மாமா. அவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் போர்டு ரீவொர்க் செய்கிறார். அரிசி மணியைவிடச் சின்ன பாகங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து மாற்றிவைக்கிற வேலை.

டெர்மினல் என்றால் என்ன? அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்பது ஏ.சி. அறையில் பீரோ மாதிரி நிற்கும் ஒரே ஒரு பெரிய மெஷின். அதிலிருந்து வயர் இழுத்து ஆளுக்கு ஒரு திரை, ஒரு கீபோர்டு கொடுப்பார்கள். நீங்கள் தட்டுவது வயர் வழியாக அந்தப் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும். அது அந்த எழுத்தைத் திருப்பி அனுப்பினால்தான் உங்கள் திரையில் தெரியும். நாம் தட்டியது நம் திரைக்கு நேராக வராது, ஊர் சுற்றித்தான் வரும்! வயரின் மறுமுனையில் யாரும் இல்லாததால்தான் எங்கள் டெர்மினல் ஊமையாக இருந்தது. பின்பக்கம் இருக்கும் 25 முள் சாக்கெட்டில் 2-ஆம் முள்ளையும் 3-ஆம் முள்ளையும் ஒரு பேப்பர் கிளிப்பால் மாமா இணைத்தார். அனுப்பும் முள்ளும் வாங்கும் முள்ளும் சேர்ந்ததும் நான் தட்டிய எழுத்து உடனே திரையில் வந்துவிட்டது. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்தது.

ரயில் டிக்கெட் ரிசர்வேஷன்தான் இதற்கு நல்ல உதாரணம். 1985-இல் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியபோது, உள்ளே டிஜிட்டல் கம்பெனியின் வாக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர்கள் முன்னால் இருந்தவை டெர்மினல்கள். நாம் டி.வி.யில் பார்க்கும் பழைய கவுன்ட்டர் காட்சிகளில் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடுமே, அதுதான். ஒரு திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1,920 எழுத்து. வயரில் நொடிக்கு 9,600 பிட் என்றால் ஓர் எழுத்துக்கு 10 பிட் கணக்கில் நொடிக்கு 960 எழுத்து. அப்படியானால் ஒரு முழுத் திரை நிரம்ப எத்தனை நொடி? கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக இரண்டு நொடி.

இந்த வகையில் பேர் பெற்றது அதே டிஜிட்டல் கம்பெனி 1978-இல் கொண்டுவந்த விடி-100. அதற்குள் இன்டெல் 8080 என்ற மைக்ரோபிராசசர். ஆக, டெர்மினல் முழு முட்டாள் இல்லை. "திரையை அழி", "5-ஆவது வரிக்குப் போ", "தடித்த எழுத்தில் காட்டு" என்று வயரில் வரும் சங்கேதங்களைப் புரிந்துகொள்ள அதற்கு ஒரு புரோகிராம் வேண்டும். அந்த புரோகிராம் வெறும் 8 கிலோபைட். கழற்றி மாட்டும் டிஸ்க்கில் இல்லை. போர்டிலேயே குத்தியிருக்கும் சிப்புகளில் இருக்கும். இதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். செல்போன் கடையில் "சாஃப்ட்வேர் போடணும், 300 ரூபாய் ஆகும்" என்பார்களே, அதுவும் போனின் ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றுவதுதான்.

விடி-100 செத்துவிட்டதாக நினைக்காதீர்கள். நம் லேப் கம்ப்யூட்டரில் பாஸ் லினக்ஸ் போட்டு, டெர்மினல் என்ற கறுப்பு விண்டோவைத் திறக்கிறோம் இல்லையா? அது விடி வகை டெர்மினல் போல நடிக்கிற ஒரு புரோகிராம். எஸ்கேப் குறி, சதுர அடைப்பு, 2, பெரிய ஜே. இந்த நான்கும் வந்தால் திரையை அழிக்க வேண்டும் என்று அன்று அந்த ரோம் சிப்பில் எழுதிவைத்ததை இன்றைக்கும் நம் லேப் கம்ப்யூட்டர் மீறுவதில்லை.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய டி.வி., மானிட்டர், டெர்மினல் எதையும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிக்சர் டியூபுக்குள் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த டியூப் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மாமா ஒற்றைக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அதை டிஸ்சார்ஜ் செய்தார். நான் கதவுப் பக்கம் நின்றேன். டியூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி, தட்டினால் உடைந்து உள்நோக்கி வெடிக்கும்.

பவர் சப்ளை ரிப்பேரில் பெரிய விசேஷம் இல்லை. எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்துவிடும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். மாமா சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒன்பது கப்பாசிட்டர் வாங்கி வந்து மாற்றினார். திரை வந்தது. தன்னைத் தானே சோதித்துப் பார்த்து "ஓகே" என்று காட்டியது. ஆனால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் ஸ்பீடு போன்ற செட்டிங்கெல்லாம் மறந்துபோனது. பார்த்தால், செட்டிங்கைக் காக்கும் சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒழுகி, போர்டில் பச்சையாகப் பாசி போல் பிடித்திருந்தது. பேட்டரி ஒழுகல் காரம் என்பதால் வினிகரால் துடைத்து, பிறகு டிஸ்டில்ட் வாட்டரால் கழுவ வேண்டும் (கெமிஸ்ட்ரி படிக்கிறவர்களுக்கு: நடுநிலையாக்கல்!). மாமா பேட்டரியைக் கழற்றிவிட்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பினார். பழைய டூத் பிரஷ்ஷால் கழுவும் வேலை எனக்கு.

நான் நன்றாகவே கழுவினேன். "நல்லா காயணும்" என்று மாமா சொன்னதால் போர்டை மொட்டை மாடியில் வடாம் காயப்போடும் இடத்தில் வைத்தேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். காலையில் வைப்பேன், சாயங்காலம் எடுப்பேன்.

நான்காம் நாள் மாட்டினோம். இரண்டு பீப் சத்தம் வந்தது. திரையில் "ஓகே" இல்லை, ரோம் தவறு என்று வந்தது. அந்தச் செய்தியில் இருந்த எம் எழுத்தின் கால்களுக்கு நடுவே, இருக்கக்கூடாத இடத்தில், ஒரு புள்ளி முளைத்திருந்தது.

மாமா போர்டைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு சிப்புகளின் நடுவில் வட்டமாகக் கண்ணாடி ஜன்னல். அதன் மேல் இருந்த ஸ்டிக்கரை நம்பர் பார்ப்பதற்காக அவரே முதல் வாரம் உரித்திருந்தார். "ஐயோ பாப்பா, சிப்புக்குக் கண்ணு இருக்குன்னு உனக்குச் சொல்லலையே. என் தப்பும்தான்" என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் கண் எதற்கு? அந்த வகை சிப்புக்கு ஈப்ராம் என்று பெயர். இன்டெல் கம்பெனியில் டோவ் ஃப்ரோமன் என்பவர் 1971-இல் கண்டுபிடித்தது. இதற்குள் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு மிகச் சின்ன அறை. சுற்றிலும் மின்சாரம் கடத்தாத ஆக்ஸைடு சுவர். எழுதும்போது அதிக வோல்ட்டில் எலக்ட்ரான்களை அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே தள்ளிவிடுவார்கள். எலக்ட்ரான் அடைபட்ட அறை 0. காலி அறை 1. பவர் போனாலும் எலக்ட்ரான்கள் வெளியே வர முடியாது. ஆனால் அந்தக் குவார்ட்ஸ் ஜன்னல் வழியாக அல்ட்ரா வயலட் ஒளி விழுந்தால் எலக்ட்ரான்களுக்குச் சுவர் ஏறித் தப்பிக்கும் சக்தி கிடைத்துவிடும். அதற்கென்றே உள்ள விளக்கில் 20 நிமிடம் வைத்தால் சிப் முழுக்கக் காலி. எல்லாமே 1. பிறகு புதிதாக எழுதலாம், அதுதான் ஜன்னலின் பயன். வெயிலிலும் அல்ட்ரா வயலட் உண்டு. நேர் வெயிலில் சுமார் ஒரு வாரத்தில் அழியும், டியூப் லைட் வெளிச்சத்தில் சுமார் மூன்று வருடத்தில் அழியும் என்று சிப் தயாரித்தவர்களின் தகவல் தாளிலேயே போட்டிருக்கிறது. ஸ்டிக்கர் அழகுக்கு ஒட்டியது இல்லை, அதுதான் சிப்புக்கு இமை!

வெயிலே படாவிட்டாலும் எலக்ட்ரான்கள் ஒன்று இரண்டாகக் கசிந்துகொண்டேதான் இருக்கும். அன்று விற்றபோது பத்து வருடம் தாங்கினால் போதும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். நல்ல சிப்புகள் முப்பது, நாற்பது வருடமும் தாங்குகின்றன. எங்களுடையது ஏற்கெனவே தளர்ந்த கிழவர். அவரை நான் மூன்று நாள் வெயிலில் உட்கார வைத்துவிட்டேன்.

மாமா அன்று இரவே சிப்புகளைக் கழற்றினார். சிப்பைப் படிக்கும் புரோகிராமர் என்ற கருவி அவரிடம் இருந்தது. லேப்டாப்பில் செருகி ஒரு முறை படித்தார், மறுபடி படித்தார், மூன்றாவதாகவும் படித்தார். பெரிய சிப்பில் 16 கிலோபைட். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் இதைப் போல நூறு அடங்கும். அந்தச் சின்ன விஷயத்திலேயே மூன்று வாசிப்பும் மூன்று விதமாக இருந்தன. ஏழெட்டு இடத்தில் ஒரு முறை 0, மறுமுறை 1.

இங்கேதான் எனக்கு நம் தமிழ் ஐயா சொன்ன பாடபேதம் ஞாபகம் வந்தது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சிடுவதற்கு முன் ஊர் ஊராகப் போய் ஏடு சேர்த்தார் அல்லவா? ஒரே பாட்டு ஒவ்வொரு ஏட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கரையான் தின்ற இடம், எழுதியவர் கை தவறிய இடம். எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து எது மூலம் என்று முடிவு செய்ய வேண்டும். அவர் பட்ட பாட்டில் எங்களுக்கு நூறில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் ஏட்டுக்கு ஒரு சலுகை உண்டு. யோசித்துப் பாருங்கள்: எலக்ட்ரான் வெளியே கசியும், தானாக உள்ளே போகாது. அதனால் 0 மங்கி 1 ஆகலாம், 1 ஒருநாளும் தானாக 0 ஆகாது. ஓர் இடத்தில் ஒரு வாசிப்பு 0 என்றும் இன்னொன்று 1 என்றும் சொன்னால், பெரும்பாலும் 0-தான் மூலபாடம்!

இதை நான் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "இன்னொரு வேலையும் செய்யலாம்" என்று சிப்புக்குத் தரும் வோல்டேஜை 5-இலிருந்து 4.5-க்குக் குறைத்துப் படித்தார். தாழ்ப்பாள் தளர்ந்த கதவை நினைத்துக்கொள்ளுங்கள். பலமாகத் தள்ளினால் திறந்துவிடும், மெதுவாகத் தள்ளினால் மூடியே நிற்கும். எலக்ட்ரான் குறைந்துபோன அறையும் அப்படித்தான். 5 வோல்ட்டில் 1 என்று உளறியது, 4.5 வோல்ட்டில் 0 என்று ஒழுங்காகச் சொன்னது. அந்த வோல்டேஜில் ஐந்து முறை படித்தோம். ஐந்தும் ஒன்றாகவே இருந்தன.

ஆனால் அதுதான் சரியான பாடம் என்பதற்கு என்ன சாட்சி? சாட்சி டெர்மினலே. பவர் போட்டதும் அது தன் ரோமில் உள்ள எண்களையெல்லாம் கூட்டிப் பார்த்து, எழுதிவைத்த கூட்டுத்தொகையோடு ஒப்பிடும். நாங்கள் படித்ததைப் புதிய சிப்பில் எழுதி, ஜன்னல் மேல் கறுப்பு டேப் ஒட்டி, மாட்டிச் சுவிட்சைப் போட்டோம். ஒரே ஒரு பீப். "ஓகே". எம் எழுத்தின் நடுவில் இருந்த புள்ளியையும் காணோம்.

அந்தப் புள்ளி எப்படி முளைத்தது என்று சிலர் கேட்டீர்கள். இரண்டாவது சிப்பில் இருப்பது புரோகிராம் இல்லை, எழுத்துகளின் வடிவம். புள்ளிக் கோலம் மாதிரிதான். 1 என்றால் புள்ளி எரியும், 0 என்றால் எரியாது. உதாரணத்துக்கு நம் "ப" எழுத்தைக் கட்டம் போட்ட நோட்டில் இப்படி எழுதலாம்:

10000010
10000010
10000010
10000010
10000010
10000010
11111110
00000000

ஒரு வரி ஒரு பைட். எட்டு பைட்டில் ஒரு "ப". இதில் நடுவில் உள்ள ஒரு 0 மங்கி 1 ஆனால் "ப"வின் வயிற்றில் ஒரு மச்சம்! ("ணை" எழுத்தை இதே எட்டுக்கு எட்டில் அடக்கிக் காட்டுபவருக்கு என் செலவில் ஒரு கடலை மிட்டாய்.)

கடலை மிட்டாயை விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. இந்திய மொழிகளை இப்படிச் சின்னக் கட்டத்துக்குள் கொண்டுவர நிஜமாகவே பாடுபட்டிருக்கிறார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1983-இல் தேவநாகரி கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்து காட்டினார்கள். அந்த வேலை பிறகு புனேயின் சி-டாக் நிறுவனத்தில் ஜிஸ்ட் என்ற பெயரில் வளர்ந்தது. இந்திய எழுத்துகளைக் காட்டும் கார்டுகளும் டெர்மினல்களும் வந்தன. 1991-இல் இஸ்கி என்ற குறியீட்டு முறை, ஐ.எஸ். 13194 என்ற எண்ணில் இந்தியத் தரமாக ஆனது. தமிழுக்கும் அதில் இடம் உண்டு. யூனிகோடு எல்லா இடத்துக்கும் வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து என்பது இந்த மாதிரி கார்டிலும் சிப்பிலும்தான் குடியிருந்தது. எங்கள் டெர்மினலில் தமிழ் இல்லை. ஆனால் தமிழ் காட்டிய ஒரு கார்டு நம் ஊர் காயலாங்கடை ஒன்றில் மூட்டைக்குள் கிடந்தால்? அதிலும் எலக்ட்ரான்கள் ஒன்று இரண்டாகக் கசிந்துகொண்டுதான் இருக்கும்.

முன்பெல்லாம் பழைய போர்டுகளை வெளியில் வைத்து எரித்துச் செம்பு எடுப்பார்கள், அந்தப் புகை விஷம். மின்கழிவு விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு கம்பெனிகள் பழைய சாமானை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அது நல்ல சட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரைக்கும் மெஷின் "உள்ளே என்ன எழுதியிருக்கு?" என்று கேட்காது. அதற்கு முன்னால் யாராவது ஐந்து நிமிடம் சிப்பைப் படித்துவிட்டால் போதும். அந்தக் காரியத்தை உலகத்தில் பலர் செய்கிறார்கள். 1997-இல் பழைய வீடியோ கேம்களுக்காகத் தொடங்கிய மேம் என்ற புரோகிராமில் இப்போது விடி-100 கூட உண்டு. நிஜ ரோமின் படியைக் கொடுத்தால் அந்த டெர்மினலே உங்கள் திரையில் உயிரோடு வரும்.

"அடுத்தவன் புரோகிராமைக் காப்பி அடிப்பது திருட்டு இல்லையா?" என்று வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. பதிப்புரிமை எழுதியவர்களுக்குத்தான். படியை விற்பது, நம்முடையது என்று சொல்வது எல்லாம் தப்பு. ஆனால் முறைப்படி நம்மிடம் இருக்கும் ஒரு புரோகிராம் அழிந்துவிடாமல் இருக்கக் காப்புக்காகப் படி எடுத்து வைக்க 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. விடி-100 செய்த டிஜிட்டல் கம்பெனியே 1998-இல் காம்பாக்கோடு சேர்ந்து பெயர் மறைந்துபோனது. "சிப் கெட்டுப்போச்சு, வேற குடுங்க" என்று போய் நிற்க வாசல் இல்லை.

மாமா இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். எந்தப் பழைய மெஷின் வந்தாலும் ஸ்க்ரூவைக் கழற்றியதும் கப்பாசிட்டரைத் தொட மாட்டார். முதலில் ஜன்னல் வைத்த சிப் இருக்கிறதா என்று பார்ப்பார். ஸ்டிக்கரை உரிக்காமல் அதில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுப்பார். சிப்பின் ஒரு முனையில் உள்ள பள்ளம் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்வார் (திருப்பி மாட்டினால் சிப் எரிந்துவிடும்). மூன்று முறை படிப்பார். மூன்றும் ஒன்றாக இருந்தால் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துவார். அப்புறம்தான் சால்டரிங் அயர்ன் சூடாகும். பழைய சிப்பையும் தூக்கிப் போடுவதில்லை. எங்களுடைய இரண்டும் அலுமினியத் தாளில் சுற்றி, ஒரு ஜாமென்ட்ரி பாக்ஸில், பீரோவுக்குள் இருக்கின்றன. அம்மாவுக்கு மட்டும் அது என்னவென்று இன்னும் புரியவில்லை.

டெர்மினல் இப்போது நம் கம்ப்யூட்டர் லேபின் ஜன்னல் ஓர மேசையில் இருக்கிறது. யு.எஸ்.பி.யிலிருந்து சீரியல் மாற்றும் வயரில் ஒரு லினக்ஸ் மெஷினோடு இணைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் வந்தால் நீங்களே தட்டிப் பார்க்கலாம். பின்மூடியில் கை வைக்காதீர்கள். உங்கள் வீட்டிலோ, அப்பாவின் கம்பெனி ஸ்டோர்ஸிலோ, தெரிந்த காயலாங்கடையிலோ நடுவில் கண்ணாடி வைத்த சிப்போடு எந்தப் போர்டு கிடைத்தாலும், ஜன்னல் திறந்திருந்தால் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, வெயிலில் வைக்காமல் என்னிடம் கொடுங்கள். படி எடுத்ததும் போர்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு